துணி எடுத்தாச்சா? பினாங்கிலும் கோலாலம்பூரிலும் ஏழு நாள்

அக்டோபர் 9, வியாழன்: ஆயர் ஈத்தாம், பினாங்கு

சித்தப்பா வீட்டில் மழைக்கு நேரம் குறித்து வைத்திருக்கிறார்கள். மதியம் மூன்று மணிக்குச் சித்தி கொடியில் கிடந்த துணியை எல்லாம் உருவிக்கொண்டு உள்ளே வந்தபோது வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

"இன்னும் ஈரம் போகலையேம்மா" என்றார் அம்மா.

"போன வரைக்கும் போதும்கா. நாலு மணிக்கு வந்துடும்."

அம்மா என்னைப் பார்த்தார். பட்டுக்கோட்டைக்காரர்களிடம் வந்து மழைக்கு மணி சொல்வதா என்கிற பார்வை அது. அம்மாவுக்கு 72 வயது, முதல் விமானப் பயணம். தாத்தாவின் தம்பி நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி இங்கே வந்தவர், திரும்பவே இல்லை. அவருடைய மகன்தான் இந்தச் சித்தப்பா. துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். அவர் வீட்டையும் அந்த மனிதர் வாழ்ந்த ஊரையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று அம்மா இருபது வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதற்கு முன்னால் மதியச் சாப்பாட்டைச் சொல்ல வேண்டும். விமான நிலையத்திலிருந்து நேராக நாசி கண்டார் கடைக்குத்தான் சித்தப்பா கூட்டிப்போனார். தமிழ் முஸ்லிம்கள் தோளில் காவடிபோல் கம்பு போட்டு இரண்டு பக்கமும் சோறும் குழம்பும் தொங்கவிட்டு விற்ற சாப்பாடு, இப்போது கண்ணாடி அலமாரிக்குப் பின்னால் இருக்கிறது. கோழி, மீன், வெண்டைக்காய் என்று காட்டிக்கொண்டே போகலாம். கடைசியில் பரிமாறுகிறவர் "பஞ்சிர்?" என்று கேட்டார். சித்தப்பா தலையாட்டியதும் நாலைந்து குழம்பையும் ஒன்றாகக் கலந்து சோறு மூழ்க ஊற்றிவிட்டார். பஞ்சிர் என்றால் மலாயில் வெள்ளமாம். நாலு பேருக்கு 52 வெள்ளி. இங்கே ரிங்கிட்டைத் தமிழர்கள் வெள்ளி என்றுதான் சொல்கிறார்கள், ஒரு வெள்ளிக்கு 21 ரூபாய் என்று மனக்கணக்குப் போட்டு வயிறு எரிவதை இரண்டாம் நாளோடு நிறுத்திவிட்டேன்.

நாலு மணி ஐந்து நிமிடத்துக்கு முதல் இடி. மலையடிவாரம் என்பதால் சத்தம் ஒருதரம் வந்து, மலையில் முட்டி, இன்னொரு தரம் வந்தது. அம்மா ஓடிப்போய் டிவி, பிரிட்ஜ் எல்லாவற்றின் பிளக்கையும் பிடுங்கினார். சித்தப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மின்னல் அடித்ததும் வாய்க்குள் எண்ண ஆரம்பித்தார். ஒன்பது எண்ணியபோது இடித்தது. "மூணு கிலோமீட்டர்" என்றார். சத்தம் ஒரு கிலோமீட்டரைக் கடக்க மூன்று விநாடி பிடிக்கும், துறைமுகத்தில் இந்தக் கணக்கு தெரியாதவன் கிரேன் பக்கம் போகக்கூடாது என்றார். அடுத்த மின்னலுக்கு மூன்றுகூட எண்ண முடியவில்லை. நாற்காலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார்.

ஐந்து மணிக்கெல்லாம் ஓய்ந்து, தெருவில் பையன்கள் பந்து விளையாடினார்கள்.

அக்டோபர் 10, வெள்ளி: குட்டி இந்தியா

தீபாவளிக்குப் பத்து நாள். லெபு பசார் முழுக்கத் தற்காலிகக் கடைகள். இரும்புக் கால் நட்டு மேலே தார்ப்பாய் போட்ட கூடாரங்கள். பக்கத்துத் தெருவில் 1833இல் எழுந்த மகாமாரியம்மன் கோவில், கொஞ்சம் நடந்தால் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். கெலிங் என்பது நம்மைத்தான். பாட்டுச் சத்தம், ஊதுபத்தி வாசனை, பட்டு வேட்டி விலை எல்லாம் திருச்சி பெரியகடை வீதி மாதிரியே இருக்க, கடைக்காரர் மட்டும் ஒரே மூச்சில் தமிழ், மலாய், ஹொக்கியன் என்கிற சீன மொழி மூன்றும் பேசுகிறார்.

சுங்கை பட்டாணியிலிருந்து வந்து முறுக்குக் கடை போட்டிருந்த ஒரு பெண்ணிடம் அம்மா பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தார். அச்சு முறுக்கு, நெய் உருண்டை, ஓமப்பொடி, எல்லாம் வீட்டில் செய்தது. டப்பா 18 வெள்ளி. மூன்றே முக்காலுக்கு அந்தப் பெண் பேச்சை நிறுத்தி மேலே பார்த்தார். நானும் பார்த்தேன். மலைப் பக்கம் மேகம் கறுப்பாக இல்லை, பழுத்த காயத்தின் நிறத்தில் இருந்தது.

முதலில் வந்தது காற்றுதான். குளிர்ந்த காற்று, குளிர்பதனப் பெட்டியைத் திறந்த மாதிரி. மேகத்துக்குள் மழை விழுகிறபோது அதோடு சேர்ந்து குளிர்ந்த காற்றும் கொத்தாகக் கீழே இறங்கும், தரையில் மோதி நாலா பக்கமும் சிதறும். அது வந்து அரை நிமிடத்தில் வரிசையின் கடைசிக் கூடாரம் எழும்பியது. மூன்று ஆண்கள் காலைப் பிடித்துத் தொங்கினார்கள். அவர்களையும் சேர்த்து ஒரு அடி தூக்கிவிட்டு விட்டது. அடுத்த கூடாரத்துக்கு ஆள் இல்லை. அது புரண்டு, நிறுத்தியிருந்த ஒரு மோட்டார் சைக்கிள் மேல் விழுந்தது. பிறகு மழை.

எல்லோரும் அஞ்சடிக்கு ஓடினோம். கடைகளுக்கு முன்னால் ஐந்தடி அகலத்தில் கூரையோடு ஓடும் நடைபாதை, பழைய ஊரில் எல்லாத் தெருவிலும் உண்டு. மழைக்குக் கட்டிய ஊர் என்பது அங்கே நின்றபோது புரிந்தது. இடி விழுந்தால் பேச்சு நிற்கும், பிறகு தொடரும். ஒரு வயதான சீனர் உள்ளேயிருந்து பிளாஸ்டிக் முக்காலி கொண்டுவந்து அம்மா முன்னால் வைத்து "டுடுக், டுடுக்" என்றார். பணம் மாற்றும் கடைப் பையன் சூடாகத் தே தாரிக், அதாவது இழுத்து ஆற்றிய டீ, கொடுத்துவிட்டுக் காசு வேண்டாம் என்று போய்விட்டான். எதிரே கோலப்பொடிக் கடைக்காரர் மூட்டைகளை இழுத்துப் பார்த்து முடியாமல் விட்டுவிட்டார். சிவப்பு, மஞ்சள், கருநீலம் என்று சாக்கடையில் தனித்தனி வரியாக ஓடி, திருப்பத்தில் ஒன்றாகக் கலந்து சேற்று நிறமானது.

நாற்பது நிமிடம். வெயில் வந்ததும் முறுக்குக்காரப் பெண் டப்பாக்களைத் திறந்து, முகர்ந்து, இரண்டு பக்கமாகப் பிரித்தார். நல்ல பக்கத்தில் பதினொரு டப்பா. "நானூறு வெள்ளி போச்சும்மா" என்றார், பால் பொங்கி வழிந்ததைச் சொல்கிற குரலில். அம்மா நாலு டப்பா எடுத்துக்கொண்டு, டப்பா 15 வெள்ளிக்குக் கொடு என்று பேரம் பேசினார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அந்தப் பெண் சிரித்துக்கொண்டே 16க்குக் கொடுத்தார். அப்புறம் வழியில் கேட்டேன்.

"பேசாம காசக் குடுத்தா பிச்ச போட்ட மாதிரி ஆயிடும்டா. அது யாவாரி."

கொம்தார் கோபுரம் வரை நடந்தோம், கால் மணி நேரம்கூட இல்லை. அங்கே ரோட்டில் ஒரு சொட்டு ஈரம் கிடையாது. செண்டோல் என்கிற ஐஸ் போட்ட தேங்காய்ப்பால் இனிப்புக் கடை வரிசையில் நின்றவர்கள் எங்கள் நனைந்த வேட்டி சேலையை வேடிக்கை பார்த்தார்கள்.

ராத்திரி சித்தப்பா ஒரு கதை சொன்னார். 2013 ஜூன் 13, மக்காலிஸ்டர் சாலை. இதே மாதிரி ஒரு சாயங்காலக் காற்றில் உயர்ந்த கட்டடம் ஒன்றின் உச்சியிலிருந்து இடிதாங்கி அமைப்பு பிய்ந்து ரோட்டில் விழுந்தது. கார்கள் நசுங்கின, ஒருவர் காரோடு தார்ச்சாலைக்குள் புதைந்து போனார். இடியிலிருந்து காப்பாற்ற வைத்ததே விழுந்திருக்கிறது. "அதுக்கப்புறம் அந்தப் பக்கம் மழையில போனா மேலயே பாத்துட்டுப் போவேன்" என்றார்.

அக்டோபர் 11, சனி: தண்ணீர்மலை

முருகனுக்கு 513 படி. அம்மா ஒவ்வொரு இருபது படிக்கும் உட்கார்ந்து ஏறிவிட்டார், நான்தான் நடுவில் ஒருதரம் படுத்துவிட்டேன். குரங்கு ஒன்று என் தண்ணீர்ப் போத்தலைப் பிடுங்கி மூடியைத் திருகித் திறந்து குடித்தது. ஒன்றரை மணிக்கே கீழே இறங்கிவிட வேண்டும் என்று சித்தப்பா கறாராகச் சொல்லியிருந்தார், மலைக்கோவிலில் வெட்டவெளியில் மாட்டிக்கொள்ளக் கூடாதாம். இறங்கினோம். அன்றைக்கு மழையே வரவில்லை. சித்தி துணியை மட்டும் மூன்று மணிக்கே எடுத்துவிட்டார்.

அக்டோபரில் ஏன் இப்படி என்று கேட்டேன். தென்மேற்குக் காற்று ஓய்ந்து, வடகிழக்குக் காற்று பிடிக்காத இடைவெளி இது. ஏப்ரல், மே மாதமும் இப்படித்தான். தள்ளிக்கொண்டு போகப் பெரிய காற்று இல்லாததால் காலை வெயிலில் கிளம்பும் ஆவி அங்கேயே மேலேறி, மலையில் மோதி, சாயங்காலம் அதே ஊர்த் தலையில் விழுகிறது. மழை நாளில் கைபேசியில் வரும் "ரிபுட் பெத்திர்" எச்சரிக்கையைச் சித்தப்பா காட்டினார். இடிமழை எச்சரிக்கை, ஒரு தடவை விட்டால் அதிகபட்சம் ஆறு மணி நேரத்துக்குத்தான் செல்லும். எங்கள் பக்கம் புயல் என்றால் ஐந்து நாளைக்கு முன்பே டிவியில் சுழல ஆரம்பித்துவிடும்.

அக்டோபர் 12, ஞாயிறு: விடியற்காலை

நேற்று வராதது இன்று வந்தது, அதுவும் கடலைத் தாண்டி.

நாலே முக்காலுக்கு யாரோ வீட்டுக்கூரையில் சரளைக் கல்லை லாரியோடு கொட்டியது போல் சத்தம். எழுந்து உட்கார்ந்தால் மின்னல் அடித்து அணைவது தெரியாமல் தொடர்ந்து வெளிச்சம். சித்தப்பா இருட்டில் "சுமத்ரா" என்றார். ராத்திரியில் சுமத்ரா பக்கமும் மலாக்கா நீரிணையிலும் திரளும் மேகங்கள் வரிசை கட்டிக் கிழக்கே நகர்ந்து விடிகிற நேரத்தில் இந்தக் கரையில் ஏறும். அந்த வரிசையின் முகப்பில்தான் காற்று. துறைமுகத்துப் பழைய ஆட்கள் அதற்கு அந்தத் தீவின் பெயரையே வைத்துவிட்டார்கள்.

கரண்ட் போனது. அதற்குப் பின்னால் ஒரு கிழிகிற சத்தம், நீளமாக. கடைசியில் தெருக்கோடியிலிருந்து ஒரு 'தம்'. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு "கஜா" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

2018 நவம்பர் 16, இதே மாதிரி விடியாத நேரம். வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா எங்கள் தோப்பில் 210 தென்னையில் 164ஐச் சாய்த்துவிட்டுப் போனது. அப்பா அன்றைக்குக் காலையில் வரப்பில் நின்றதை நான் எழுத மாட்டேன்.

ஏழு மணிக்கு வெளிச்சம் வந்ததும் தெருவே வாசலில் நின்றது. பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டியின் பின்கட்டுத் தகரக் கூரையைக் காணோம். அவர் சமையலறை வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது, அரிசி டப்பாவில் தண்ணீர். தகரத்தில் பாதி மூன்று வீடு தள்ளி ஒரு மலாய்க்காரர் வீட்டு மாமரத்தில் மாட்டியிருந்தது. அவர் அதைப் பத்திரமாக மடக்காமல் எடுத்துவந்து, தானே மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஒப்படைத்தார். தெருக்கோடியில் ஒரு அங்சானா மரம், நம் வேங்கைக்கு உறவுக்காரன், வெள்ளைக் கார் ஒன்றின் மேல் படுத்திருந்தது. காருக்குள் ஆள் இல்லை.

போம்பா ஆட்கள் வந்து மரத்தை அறுக்கத் தொடங்கினார்கள். தீயணைப்புப் படைக்கு இங்கே அதுதான் பெயர். நான் போய் வேரைப் பார்த்தேன். தென்னைக்காரன் புத்தி, விழுந்த மரத்தில் முதலில் வேரைத்தான் பார்க்கும். இரண்டு ஆள் சேர்ந்து கட்டிப்பிடிக்க வேண்டிய மரத்துக்கு வேர் தோசைக்கல் மாதிரித் தட்டையாக இருந்தது. ஒரு பக்கம் தார், ஒரு பக்கம் கான்கிரீட் வாய்க்கால். கீழேயும் போக முடியாமல் பக்கத்திலும் போக முடியாமல் அங்கேயே சுருண்டிருக்கிறது. மேலே மட்டும் ரோட்டுக்கு நிழல் தர வேண்டும் என்று குடை விரித்து நின்றிருக்கிறது. மழையில் ஊறிய மண்ணில் அந்தக் குடைக்குள் காற்று புகுந்தால் என்ன ஆகும் என்று கேட்கவே வேண்டாம்.

மதியம் ஒன்றரை வரை கரண்ட் இல்லை. காஸ் அடுப்பு இருந்ததால் அம்மா ஒரு பெரிய சட்டியில் கோதுமை உப்புமா கிண்டி ஆன்ட்டி வீட்டுக்கும் கொடுத்தார். ஆன்ட்டி அதில் சம்பல் போட்டுப் பிசைந்து சாப்பிட்டுவிட்டு ஹொக்கியனில் ஏதோ சொன்னார். சித்தப்பா மொழிபெயர்த்தது: "உங்க அண்ணி சமையலுக்காகவே கூரை போகலாம்." கூரைக்காரர் வந்து பார்த்து 850 வெள்ளி கேட்டார்.

கஜா வந்தபோது ஊரே விழுந்தது. சண்டை போட்டு, ரோட்டை மறித்து, கூப்பாடு போட்டு, கடைசியில் மரத்துக்கு இவ்வளவு என்று நிவாரணம் கொஞ்சம் வந்தது. புயலுக்குப் பெயர் இருந்ததால் மனு எழுத முடிந்தது. இன்று காலை அடித்ததற்குப் பெயர் இல்லை. நாளைக்குச் செய்தியில் ஒரு பத்தி வந்தால் அதிகம். முறுக்குக்காரப் பெண்ணின் நானூறு வெள்ளியும் ஆன்ட்டியின் கூரையும் யாருடைய கணக்கிலும் ஏறாது. வெவ்வேறு தெருவில், வெவ்வேறு நாளில், தனித்தனியாக இழக்கிறார்கள். எங்களுக்காவது சேர்ந்து அழ ஆள் இருந்தது.

இதைச் சித்தப்பாவிடம் சொன்னபோது 2017 நவம்பர் 4 ராத்திரியைச் சொன்னார். அன்றைக்குப் பினாங்கே மொத்தமாக மாட்டிக்கொண்டதாம். விடிய விடியக் காற்றும் மழையும், மரங்கள் சாய்ந்து, வீடுகளுக்குள் கழுத்தளவு பஞ்சிர், உதவிக்கு ராணுவத்தைக் கூப்பிட வேண்டியதாயிற்று. ஏழு பேர் இறந்தார்கள். "அதுக்கும் பேரு கிடையாது தம்பி. நாங்க 'அந்த நவம்பர்'னு சொல்லிக்குவோம்."

அக்டோபர் 13, திங்கள்: பஸ்

கோலாலம்பூருக்கு ஐந்து மணி நேரம் என்றார்கள், ஏழு ஆனது. ஈப்போ தாண்டியதும் முன்னால் போகும் லாரியின் பின்விளக்கு தெரியாத மழை. எல்லா வண்டிகளும் விளக்கை மினுக்கிக்கொண்டு ஊர்ந்தன. பஸ்ஸின் கூரை ஜன்னல் சரியாக மூடாமல் அம்மா தலையில் சொட்டியது. ஓட்டுநரிடம் சொன்னேன். "வேற சீட் இல்ல அண்ணே, ஃபுல்லு" என்று ஒரு பிளாஸ்டிக் பை கொடுத்தார், தலையில் போட்டுக்கொள்ள. அம்மா பையை வாங்கிப் பத்திரமாக மடித்துக் கைப்பையில் வைத்துவிட்டு, பஸ்ஸுக்குள்ளேயே குடையை விரித்து உட்கார்ந்துகொண்டார். தஞ்சோங் மாலிம் வரை குடைதான். பின் சீட்டுக் குழந்தை சிரித்துச் சிரித்து விக்கியது.

அக்டோபர் 14, செவ்வாய்: கோலாலம்பூர்

பிரிக்பீல்ட்ஸில் சித்தப்பாவின் மகள் வீடு, எனக்குத் தங்கை முறை. காலையில் ரொட்டி சனாய், ஒன்று 1 வெள்ளி 80 காசு. வெறும் வயிற்றில் மூன்று இறங்கியது.

மஸ்ஜித் ஜாமிக் பக்கம் கூட்டிப்போனாள். 1909இல் கட்டிய பள்ளிவாசல், கோம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் கூடுகிற முனையில் இருக்கிறது. சேற்றுக் கூடல் என்பதுதான் ஊர்ப் பெயருக்கே அர்த்தம். எட்டிப் பார்த்தால் ஆறு ஒரு கான்கிரீட் தொட்டிக்குள் சாதுவாகக் காப்பி நிறத்தில் போகிறது. ஒரு மணி நேர மழைக்கு இது ரோட்டுக்கு வந்துவிடும் என்று 9.7 கிலோமீட்டருக்குப் பூமிக்கடியில் சுரங்கம் தோண்டி 2007இல் திறந்திருக்கிறார்கள். அதன் நடுப்பகுதியில் சாதாரண நாளில் கார் போகும். பெருமழை என்றால் கார்களை வெளியேற்றிவிட்டுத் தண்ணீரை விடுவார்கள். நான் இதைக் கேட்டு வாயைப் பிளந்தேன். தங்கை "அப்படியும் சில இடத்துல கணுக்கால் வரைக்கும் வந்துடும்ணே" என்றாள்.

சுல்தான் இஸ்மாயில் சாலையில் டாக்சி போகும்போது ஓட்டுநர், நம் ஆள்தான், வேகத்தைக் குறைத்து ஒரு இடத்தைக் காட்டினார். 2024 மே 7, மதியம். பெரிய மரம் ஒன்று சாலைக்குக் குறுக்கே விழுந்து 17 வாகனங்கள் நசுங்கின, மோனோரயில் பாதை மேலும் சாய்ந்தது, ஒருவர் இறந்தார். "நான் அதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி போனேன்" என்றார். கோலாலம்பூர் டாக்சிக்காரர்களில் எத்தனை பேர் அந்த ஐந்து நிமிடத்துக்கு முன்னால் போனார்களோ தெரியாது. ஆனால் சொல்லும்போது அவர் பார்வை மரத்தின் மேல்தான் இருந்தது, ரோட்டில் இல்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

நாலரைக்கு ரயில் நிலைய வாசலில் மாட்டினோம். செயலியில் காலையில் 9 வெள்ளி காட்டிய காருக்கு இப்போது 27. தங்கை கைபேசியைப் பையில் போட்டுவிட்டாள். சுற்றிலும் நூறு பேர் இருப்பார்கள், அலுவலக உடை, பள்ளிச் சீருடை, சாப்பாடு கொண்டுபோகும் பையன்கள். ஒருவர்கூடத் தலையில் பையைக் கவிழ்த்துக்கொண்டு ஓடவில்லை. கட்டடங்களின் உச்சியில் மின்னல் இறங்குவது கண்ணெதிரே தெரிந்தது. ஒரு மோட்டார்க்காரர் மழைக்கோட்டைப் போட்டு, யோசித்து, கழற்றி, மறுபடி உட்கார்ந்தார். எங்கள் ஊரில் இத்தனை பேர் ஒரு கூரைக்குக் கீழே சேர்ந்தால் ஐந்து நிமிடத்தில் அரசியல் ஆரம்பித்திருக்கும். இங்கே எல்லோரும் தண்ணீர் விழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வருடத்தில் பாதி நாள் இடி கேட்கிற ஊர், எதற்கு அவசரப்படுவது.

ஐந்து இருபதுக்குக் கார் 11 வெள்ளிக்கு இறங்கியது.

அக்டோபர் 15, புதன்: விமான நிலையம்

அம்மா குடையைத் தங்கை வீட்டில் விட்டுவிட்டார். முறுக்கு டப்பா ஒன்று பெட்டிக்குள் நொறுங்கிவிட்டது, மூன்று முழுசாக இருக்கின்றன.

சோதனை முடிந்து உட்கார்ந்தபோது மணி மூன்றே கால். சித்தப்பாவுக்குப் போன் போட்டேன். ஆன்ட்டி வீட்டுக் கூரை முடிந்துவிட்டதாம். மாமரத்தில் கிடைத்த பழைய தகரத்தையே தட்டி நிமிர்த்தி, மீதிக்குப் புதுசு போட்டு 600 வெள்ளியில் முடித்தாராம் கூரைக்காரர். இந்த முறை ஆணிக்குப் பதில் திருகு. அங்சானா இருந்த இடத்தில் வெயில் நேராக அடிப்பதால் தெருக்கோடி வீட்டுக்காரர் பந்தல் போடப் போகிறார். அம்மா போனை வாங்கி உப்புமாவுக்கு ரவை வறுக்கும் பக்குவம் சொல்ல ஆரம்பித்தார், ஆன்ட்டி கேட்டாராம்.

பாதியில் அந்தப் பக்கம் உருட்டுகிற சத்தம் எனக்கே கேட்டது.

"அண்ணி, வச்சுடறேன்" என்றார் சித்தப்பா. "அவ பசாருக்குப் போயிருக்கா. துணி வெளிய கெடக்கு."